பங்கசால் சாயம் நீக்கும் ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் கம்பஸ் இறுதியாண்டு ஆய்வுக்கு இந்தத் தலைப்பை எடுக்கிற தம்பி தங்கைகளுக்காக எழுதுகிறேன். அஸ்பர்ஜிலஸ் நைகர் என்ற பங்கசை (பூஞ்சணத்தை) வளர்த்து, கொன்று, காயவைத்துப் பொடித்துச் சாயத்தண்ணீரில் போட்டால் நிறம் இறங்கும், அது உண்மை. கலச்சுவரில் உள்ள கைற்றின் போன்ற பொருட்கள் சாயத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் இறங்கிய நிறத்தை அளக்கும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

கொங்கோ சிவப்பு என்ற சாயத்தை எடுங்கள். பீஎச் (அமில கார அளவு) 3க்குக் கீழே போனால் அது நீலமாகிவிடும். பங்கசே போடாமல் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாய் விட்டாலும், 500 நனோமீற்றருக்குக் கிட்ட அளக்கிற கருவி சாயம் குறைந்துவிட்டதாகக் காட்டும். அதனால் அளக்கும் முன் எல்லா மாதிரியையும் ஒரே பீஎச்சுக்குக் கொண்டு வாருங்கள். பங்கசு போடாத சாயத்தண்ணீர் ஒன்று, சாயமில்லாத தண்ணீரில் பங்கசு ஒன்று, இரண்டையும் கூடவே வையுங்கள். வடிதாளும் சாயத்தைக் குடிக்கும், சென்ரிபியூஜில் சுழற்றிப் பிரிப்பதே நல்லது.

அப்புறம், காய்ச்சி வடித்த நீரில் ஒரே சாயத்தைக் கரைத்து நல்ல எண் வந்ததும் துணித் தொழிற்சாலையின் கழிவுநீருக்கும் சரிவரும் என்று எழுதிவிடாதீர்கள். பருத்திக்கு ரியாக்டிவ் சாயம் (இழையோடு வேதியியலாகப் பிணையும் சாயம்) போடும்போது கடும் நிறமென்றால் லீற்றருக்கு 50 கிராமுக்கு மேல் உப்பு போடுவார்கள், பிறகு சோடா, ஆகவே வெளியே வரும் நீர் உப்பாகவும் காரமாகவும் சூடாகவும் இருக்கும். எதிர்மின்னேற்றமுள்ள இந்தச் சாயத்தைப் பங்கசு நன்றாகப் பிடிப்பது பீஎச் 2, 3 அளவில்தான். அப்படியென்றால் அத்தனை தண்ணீருக்கும் அமிலம் ஊற்றி இறக்கி, வெளியே விடமுன் காரம் ஊற்றித் திரும்ப ஏற்ற வேண்டும், அதனால் உப்பு இன்னும் கூடும். இந்தச் செலவைச் சொல்லாத ஆய்வு என் கண்ணுக்கு அரைகுறைதான். மெத்திலீன் நீலம் என்ற சாயம் நேர்மின்னேற்றமுள்ளது, அமிலத்தில் சரியாக ஒட்டாது, அதன் முடிவை ரியாக்டிவ் சாயத்துக்குப் பொருத்தவும் கூடாது.

பங்கசுப் பொடியை மாவாக அரைத்து, சாயத்தண்ணீர் ஓடவிடும் குழாயில் நிரப்பினால் அடைத்துவிடும், அதையும் கவனியுங்கள்.

எல்லாவற்றையும் விட எனக்குக் கவலை தருவது பாவித்த பங்கசு. செத்த பங்கசு சாயத்தை உடைப்பதில்லை, பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். கானில் கொட்டினால், காரத்தண்ணீர் பட்டதும் சாயம் திரும்பக் கழன்று வரும். கொழும்புக்குக் குடிதண்ணீர் எடுக்கிற அம்பத்தலே களனி ஆற்றில்தான் இருக்கிறது. பாவித்ததை முறையான உலையில் எரிக்கப் போகிறீர்களா, சாயத்தைக் கழுவியெடுத்து மறுபடி பாவிக்கப் போகிறீர்களா என்பதை முன்மொழிவிலேயே எழுதுங்கள், கழுவுவதென்றால் அந்தக் கழுவல் நீர் எங்கே போகும் என்பதையும் சேர்த்து.