பால்ய நண்பனுக்குச் செய்த துரோகத்தை நாவலில் எழுதுவது எப்படி?

பால்ய நட்பில் நேர்ந்த துரோகத்தை நாவலாக்க விரும்பினால், முதலில் அந்தத் துரோகத்தைச் சிறியதாக அமைத்துக்கொள்ளுங்கள். தன்மேல் விழவேண்டிய பழி நண்பன்மேல் விழும்போது பத்து வயதுச் சிறுவன் வாய்திறக்காமல் நின்றாலே போதும். கடலூர் தேவனாம்பட்டினத்துக் கடற்கரையில், காணாமற்போன இருநூறு ரூபாய்க்காக ஒருவன் அடிவாங்குகிறான் என்றும், அதை எடுத்தவன் ஈரமணலில் கால்விரலால் கோடு கிழித்தபடி பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றும் வைத்துக்கொள்வோம். அந்தக் கால்விரலை எழுதுங்கள். 'அவன் மனம் குறுகுறுத்தது' என்று எழுதிவிடாதீர்கள்.

குற்றவுணர்வு பழக்கங்களில்தான் ஆண்டுக்கணக்கில் தங்குகிறது. வளர்ந்து புதுச்சேரியில் கடை வைத்திருப்பவன், மீதிச் சில்லறையை இரண்டுமுறை எண்ணிக் கொடுக்கிறான்; சொந்த ஊர்த் திருவிழாவுக்கு ஏதேனும் காரணம் சொல்லிப் போகாமலிருக்கிறான். வாசகர் இவற்றைத் தாமாகக் கவனிக்கும்வரை பழைய சம்பவத்தைச் சொல்லாமல் பொறுத்திருங்கள்.

காலத்தைக் குறிக்க ஊரின் நினைவே உதவும். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியும், 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்து முந்திரித் தோப்புகளையும் பலாமரங்களையும் சாய்த்த தானே புயலும் இங்குள்ளவர்களுக்கு நாட்காட்டி போன்றவை. ஆனால், அந்தப் பேரழிவில் நண்பனைச் சாகடித்துக் கதையை முடிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். உண்மையில் உறவுகளைப் பறிகொடுத்தவர்களுக்கு அது அநீதி. அவன் உயிரோடு இருக்கட்டும். மன்னிப்புக் கேட்க வந்தவனுக்குத் தேநீர் வாங்கிக்கொடுத்து, பிள்ளைகளைப் பற்றி விசாரிக்கட்டும். பணத்தை எடுத்தது யார் என்பது அவனுக்கு அன்றே தெரியும் என்பதை, விடைபெறும்போது அவன் சொல்லும் ஒரே வரியில் வையுங்கள்.