61 நாள் தூங்கிய இன்ஜின்: ஆயில் பிரஷரில் நாம் செய்யும் தவறுகள்

தமிழகத்தின் கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கும். பலகை மாற்றுவார்கள், பெயின்ட் அடிப்பார்கள், வலையைச் சீர்செய்வார்கள். இன்ஜின் ஞாபகம் கடைசி நாளில்தான் வரும். மாலை போட்டு, கற்பூரம் காட்டி, பூசணிக்காய் உடைத்துவிட்டு, நள்ளிரவில் கிளம்புகிற அவசரத்தில் செல்ஃப் அடிப்பார்கள். இன்ஜின் பிடித்தவுடன் பெருமையாக ஒரு முறுக்கு. பேரிங் போவது அந்த முறுக்கில்தான். அன்றைக்கே தெரியாது. இரண்டாவது, மூன்றாவது தங்கலில் (கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் பயணத்தில்), கரையே தெரியாத இடத்தில் தெரியும்.

ஓடும் இன்ஜினில், அதன் முக்கியச் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதில்லை. நடுவே இருக்கும் மெல்லிய ஆயில் படலத்தின்மேல் மிதந்து சுழல்கிறது. அந்த இடைவெளி பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. இன்ஜினை நிறுத்தி வாரக்கணக்கில் விட்டால் மேலே இருந்த ஆயில் சொட்டுச் சொட்டாக இறங்கி, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் சேர்ந்துவிடும். குழாய்கள் காலியாகும், ஆயில் பம்ப்பும் வறண்டுபோகும்.

தெருவில் அடிபம்பு இருந்த காலம் நினைவிருந்தால் மீதி எளிதில் புரியும். நாலு நாள் யாரும் அடிக்காத பம்பில் எவ்வளவு அடித்தாலும் காற்றுதான் வரும். மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றி அடித்தால் வாஷர் நனைந்து, பிடிப்பு வந்து, தண்ணீர் ஏறும். இன்ஜினின் ஆயில் பம்ப்புக்கும் அதே குணம்தான். பற்சக்கரத்துக்கும் கூட்டுக்கும் நடுவே உள்ள இடுக்கை அடைத்துக்கொள்ள அதற்கே கொஞ்சம் ஆயில் வேண்டும். வறண்ட பம்ப் காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும்.

அதனால் ‘ஓடவிட்டால் பிரஷர் தானாக ஏறிவிடும்’ என்ற நம்பிக்கைதான் முதல் தவறு, பெரிய தவறும் அதுதான். பிரஷர் முதலில் வர வேண்டும். டீசல் எரிவது அதற்குப் பிறகுதான். ஸ்டாப் லீவரை இழுத்துக் கட்டி டீசல் போகாமல் செய்துவிட்டு, 10 முதல் 15 நொடி செல்ஃப் அடியுங்கள். இரண்டு நிமிடம் மோட்டாரை ஆறவிடுங்கள். மறுபடி அடியுங்கள். ஆயில் பிரஷர் மீட்டரின் முள் அசையும் வரை இதுதான் வேலை. சிலிண்டரில் எரிப்பு இல்லாததால் பேரிங்கின்மேல் சுமை மிகக் குறைவு. அந்த மெதுவான சுழற்சியை அது தாங்கிக்கொள்ளும்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்று திருப்பிப் பாருங்கள். எங்காவது இடித்து நின்றால் சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். தண்ணீர் அமுங்காது. அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் பிஸ்டனைக் கிராங்க்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் வளையும். புகைக்குழாயில் கடல்நீர் கலந்து வெளியேறும் அமைப்பு உள்ள படகில் இன்னொரு வம்பும் உண்டு. இன்ஜின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் பம்ப் சைலன்ஸரை நிரப்பும். வெளியே தள்ளப் புகை இல்லாததால் நீர் சிலிண்டருக்கே திரும்பும். எனவே கடல்நீர் வால்வை மூடிவைத்து அடிக்க வேண்டும். பிறகு திறக்க மறந்தால் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர் கருகும். அதனால் ஸ்டார்ட் செய்யும் சாவியை அந்த வால்வுக் கைப்பிடியிலேயே மாட்டிவைப்பேன். வால்வைத் தொடாமல் சாவியை எடுக்க முடியாது.

ஐந்தாறு முறை அடித்தும் முள் அசையவில்லையா? நிறுத்திவிடுங்கள். இதற்குமேல் அடித்தால் செல்ஃப் மோட்டாரும் சேர்ந்து போகும். ஃபில்டரைச் சற்றுத் தளர்த்தி ஒரு முறை அடித்துப் பாருங்கள். ஆயில் கசியவே இல்லையென்றால் கோளாறு உறிஞ்சும் பக்கம்: பம்ப் வறண்டிருக்கும், அல்லது சம்ப் வடிகட்டியில் கசடு, அல்லது உறிஞ்சுகுழாயின் ரப்பர் வளையம் இறுகிக் காற்றை இழுக்கிறது. ஃபில்டர் வரை வந்தும் முள் ஏறாவிட்டால் மிகுதிப் பிரஷரை வெளியேற்றும் ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம், பேரிங்கே தேய்ந்திருக்கலாம், மீட்டர் பொய் சொல்லலாம்.

பம்ப் வறண்டிருந்தால் அடிபம்பு வைத்தியம்தான். பிரஷர் சென்சாரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஆயிலை அழுத்தத்தோடு உள்ளே அனுப்ப வேண்டும். வயலுக்கு மருந்து அடிக்கும் கைத்தெளிப்பான் போதும். ஆனால் மருந்தே தொடாத புதிய தெளிப்பானாக இருக்கட்டும். இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரைத் திறந்துவைத்து, ஒருவர் ஆயில் ஏற்ற, இன்னொருவர் இன்ஜினைக் கையால் மெல்லத் திருப்ப வேண்டும். அதற்குள் வால்வுகளை அழுத்தும் ராக்கர்களில் ஆயில் பளபளத்து வழிந்தால் மேல்வரை ஏறிவிட்டது என்று பொருள். சம்ப்பைக் கழற்றியே ஆக வேண்டிய நிலை வந்தால் பம்ப்பின் பற்களில் வாஸ்லின் அப்பலாம், சூட்டில் உருகி ஆயிலோடு கலந்துவிடும். கிரீஸ் வேண்டாம், அது கட்டியாக நின்று வழியை அடைக்கும்.

ஃபில்டர் விஷயத்தில் என் கதையே ஒன்று உண்டு. வேலை பழகிய முதல் ஆண்டு. பழைய ஃபில்டரைக் கழற்றியபோது அதன் ரப்பர் வளையம் இன்ஜினிலேயே ஒட்டிக்கொண்டதை நான் கவனிக்கவில்லை. அதன்மேலேயே புதியதை இறுக்கினேன். பிரஷர் ஏறிய மறுகணம் இரண்டு வளையமும் பிதுங்கி, ஆயில் முழுவதும் படகின் அடித்தளத்தில். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் திட்டவில்லை. “ஆயிலை இன்ஜினுக்கு ஊற்றினாயா, படகுக்கு ஊற்றினாயா?” என்று மட்டும் கேட்டார். அன்றுமுதல் ஃபில்டர் உட்காரும் முகத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவாமல் புதியதை மாட்டுவதில்லை.

சென்னையின் உதிரிபாகச் சந்தையான ஜி.பி. ரோட்டில் ‘மரை சரியாக இருக்கிறது’ என்பதற்காக ஏதோ ஒரு ஃபில்டரை வாங்குவதும் தவறுதான். ஆயில் திரும்ப இறங்காமல் தடுக்கும் ரப்பர் வால்வு பல ஃபில்டர்களில் உண்டு. அது இல்லாததை மாட்டினால் ஒவ்வொரு காலையும் இன்ஜின் வறண்டுதான் எழும்.

மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் கொஞ்சநஞ்சப் படலத்தையும் அது துடைத்துவிடும். முழுவதும் வடியாமல் தங்கிப் புது ஆயிலையும் நீர்க்கவைக்கும். ஆயில் மாற்ற வேண்டியது ஜூனில் அல்ல, ஏப்ரலில், படகைக் கட்டும்போதே. பழைய ஆயிலில் சேர்ந்த அமிலம் இரண்டு மாதம் பேரிங்கை அரிக்க நாமே ஏன் விட வேண்டும்? டிப்ஸ்டிக்கில் ஆயில் காபி நிறத்தில் குழம்பியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. காரணம் தெரியாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

பிரஷர் குறைவு என்று கெட்டி ஆயிலுக்கு மாறுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். முள் ஏறும், மனம் ஆறும், தேய்ந்த பேரிங் தேய்ந்தபடியேதான் இருக்கும். கெட்டி ஆயில் குளிர்ந்த இன்ஜினில் மேலே ஏறவும் தாமதமாகும். கத்துகிறது என்று அபாய மணியின் ஒயரைப் பிடுங்குவதும் இதே ரகம். உப்புக்காற்றில் சென்சார் அரித்து முள் பொய் சொல்வது உண்மைதான். அதற்கு மருந்து, அதே துளையில் குழாயோடு வரும் மெக்கானிக்கல் மீட்டரை மாட்டிப் பார்ப்பது.

ஸ்டார்ட் ஆன பிறகும் 10, 15 நொடிக்குள் பிரஷர் வராவிட்டால் அணைத்துவிடுங்கள். வந்தால் சில நிமிடம் ஐடிலிலேயே விடுங்கள். டர்போ இருந்தால் இது கட்டாயம். குளிர்ந்த இன்ஜினில் முள் எப்போதும் தாராளமாகத்தான் காட்டும். நன்றாகச் சூடேறியபின் ஐடிலில் ஏறக்குறைய 1 பாரும் (பார் என்பது பிரஷரின் அலகு), ஓட்டத்தில் 3 முதல் 5 பாரும் பல டீசல் இன்ஜின்களில் வழக்கம். உங்கள் இன்ஜினின் கையேடு சொல்வதே இறுதி. பிறகு அணைத்து, சற்று நேரம் விட்டு டிப்ஸ்டிக்கைப் பாருங்கள். ஃபில்டரும் குழாய்களும் நிரம்பியிருப்பதால் அளவு இறங்கியிருக்கும். இறங்கியதை மட்டும் ஊற்றுங்கள். மேல்கோட்டைத் தாண்டினால் கிராங்க் அடித்து நுரையாக்கும், நுரையில் பிரஷர் நிற்காது.

இதையெல்லாம் 14ஆம் தேதி இரவில் செய்ய முடியாது. நான் 10ஆம் தேதியே, படகு கட்டிய கயிற்றில் இருக்கும்போதே ஒரு மணி நேரம் ஓடவிடுவேன். அணைத்தபின் ஃபில்டருக்கு அடியில் பழைய செய்தித்தாளை விரித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். காலையில் அதில் ஒரு சொட்டுக் கறை இருந்தாலும் ஃபில்டரை மறுபடி கழற்றுவேன்.