சிமுலேட்டரில் பழைய நேட் விமானம்: சத்தம் போடும் தவறுகளும் சத்தமில்லாத தவறுகளும்

பிரிட்டனில் வடிவமைத்த சிறிய ஜெட் விமானமான நேட்டை சிமுலேட்டரில் நாமே உருவாக்கலாம் என்று வரைபடம் தேடி இணையத்தில் இறங்கினால், கைக்கு வருவதில் பாதி தவறான விமானம். சிவப்பு பெயிண்ட், இரண்டு இருக்கை, நீண்ட கண்ணாடி மூடி. அது டி.1 என்னும் பயிற்சி வகை. பிரிட்டனின் ரெட் ஏரோஸ் சாகசக் குழு 1965 முதல் 1979 வரை ஓட்டியது அதைத்தான். பாகிஸ்தானின் சேபர் போர் விமானங்களோடு மோதி இந்தியாவில் பெயர் வாங்கியது ஒற்றை இருக்கை எஃப்.1. இரண்டும் ஒரே விமானத்தின் நீள அகலம் மாறிய பிரதிகள் என்று நினைத்து எண்களைக் கலப்பதுதான் முதல் தவறு. எஃப்.1-இன் இறக்கைப் பரப்பு 12.69 சதுர மீட்டர். டி.1-க்கு 16.26. கிட்டத்தட்ட 28 சதவீதம் கூடுதல். டி.1 இறக்கையையும் எஃப்.1 எடையையும் சேர்த்து எழுதினால் விமானம் அழகாகத்தான் பறக்கும். உண்மை நேட்டைவிட இறுக்கமாகத் திரும்பும். ஓட்டுகிறவருக்குச் சந்தேகமே வராது.

கோயமுத்தூர்ப் பக்கம் சிமுலேட்டர் ஓட்டுபவர்கள் நேட்டைத் தேடுவதற்கு ஒரு காரணம் உண்டு. 2020 மே மாதம் சூலூரில் தேஜஸ் விமானங்களோடு மீண்டும் தொடங்கப்பட்ட இந்திய விமானப்படையின் 18ஆம் ஸ்குவாட்ரன், 1971-இல் நேட் ஓட்டிய படை. அந்த டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகரில் போரிட்டு வீழ்ந்து பரம் வீர் சக்ரா பெற்ற நிர்மல் ஜித் சிங் செகோன் அந்தப் படையைச் சேர்ந்தவர். அந்த விமானத்தை ஆன்லைன் சண்டைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் எந்தத் தவறுக்கு அதிகம் பயப்பட வேண்டும் என்பதை மட்டும் இங்கே பார்க்கலாம். இலவசமாகக் கிடைக்கும் ஃபிளைட்கியரையும், அதில் பறக்கும் கணக்கைப் போடும் ஜேஎஸ்பிசிம்மையும் வைத்துச் சொல்வதால் அளவுகளைத் துல்லியமாகச் சொல்ல முடிகிறது. வேறு சிமுலேட்டர் என்றால் கோப்பின் பெயர் மாறும், தவறு மாறாது.

அலகு

ஜேஎஸ்பிசிம் கோப்பில் அலகு குறிப்பிடாமல் எண்ணை மட்டும் எழுதினால், அது அடி, பவுண்டு என்றே எடுத்துக்கொள்ளும். 12.69 என்று மட்டும் எழுதினால் இறக்கை பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். விமானம் ஓடுபாதை முடியும்வரை ஓடி வேலியில் முட்டும். நேட்டின் ஆர்ஃபியஸ் 701 என்ஜினின் உந்துவிசை 20.9 கிலோநியூட்டன். பவுண்டு கேட்கும் இடத்தில் 20.9 என்று போட்டால் விமானம் நின்ற இடத்தைவிட்டு அசையாது. அங்கே வர வேண்டியது 4,705. இவை சத்தம் போடும் தவறுகள். ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும், திருத்தியும் விடலாம்.

சத்தமில்லாத தவறு சுழல் நிலைமத்தில், அதாவது விமானம் சுழல்வதற்குக் காட்டும் எதிர்ப்பில் இருக்கிறது. நேட்டின் நிலைம எண்கள் எளிதில் கிடைப்பதில்லை, மதிப்பிட்டுத்தான் எழுத வேண்டும். உருளும் அச்சுக்கு அரை இறக்கை நீளத்தில் 0.26 பங்கு, தலை தூக்கும் அச்சுக்கு அரை உடல் நீளத்தில் 0.35 பங்கு என்று சுழல் ஆரம் எடுப்பது வழக்கம். வெற்று எடை 2,177 கிலோ, இறக்கை நீளம் 6.73 மீட்டர், உடல் 8.74 மீட்டர். கணக்குப் போட்டால் உருளும் அச்சுக்குச் சுமார் 1,650, தலை தூக்கும் அச்சுக்குச் சுமார் 5,000 கிலோ சதுர மீட்டர் வரும். திசை திரும்பும் அச்சுக்கு இந்த இரண்டின் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் வர வேண்டும்; வெகுதூரம் விலகினால் எங்கோ கை தவறியிருக்கிறது. இந்த 1,650-ஐ அலகு சொல்லாமல் எழுதினால் அடி, பவுண்டு முறையின் நிலைம அலகான ஸ்லக் சதுர அடியாகிவிடும், 36 சதவீதம் கூடும். விமானம் விழாது, ஆடாது, கொஞ்சம் மந்தமாக உருளும், அவ்வளவுதான். "பழைய விமானம்தானே, அப்படித்தான் இருக்கும்" என்று ஆறு மாதம் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

எடையிலும் இதே கதை. வெற்று எடைக்கான இடத்தில் புறப்படும் எடையான 4,100 கிலோவை எழுதிவிட்டு, கீழே எரிபொருள் தொட்டி, விமானி, குண்டுகள் என்று தனித்தனியாகவும் சேர்ப்பவர்கள் நிறையப் பேர். எல்லாம் இரண்டு முறை கணக்காகிவிடும். சிமுலேட்டரைத் திறந்து, தொட்டியை நிரப்பி, மொத்த எடை எவ்வளவு காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

டேட்டம்

லேத்திலும் மில்லிங்கிலும் வேலை பழகியவர்கள் பீளமேடு, கணபதிப் பட்டறைகளில் ட்ராயிங்கை வாங்கியதும் முதலில் தேடுவது டேட்டத்தை. எந்த முகத்திலிருந்து அளவு எடுத்திருக்கிறது என்று தெரியாமல் பொருளில் கை வைக்க மாட்டார்கள். விமானத்திலும் அப்படித்தான். ஜேஎஸ்பிசிம்மில் தொடக்கப் புள்ளியை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம், ஆனால் ஒன்றுதான். முன்பின் அளவு வால் பக்கம் போகப் போகக் கூடும், பக்கவாட்டு அளவு வலது பக்கம் கூடும், உயரம் மேலே கூடும். பெரும்பாலோர் அங்குலத்தில் எழுதுகிறார்கள். முப்பரிமாண உருவம் செய்யும் மென்பொருளான பிளெண்டரில் செய்த உருவமோ மீட்டரில் இருக்கும். கேமரா இருக்கும் இடத்துக்கு இன்னொரு அச்சு முறை: அங்கே முதல் எண் வலது, இரண்டாவது மேல், மூன்றாவது பின்பக்கம். மூன்று முறையும் ஒரே கோப்புத் தொகுப்புக்குள் இருப்பதால் குழப்பம் வராமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

உருவத்தையும் கணக்கையும் இணைக்கும் புள்ளிக்குப் பெயர் விஆர்பி. உருவத்தின் தொடக்கப் புள்ளி கணக்கின் அளவுகளில் எங்கே விழுகிறது என்பதை அது சொல்கிறது. இது தவறினால் சக்கரம் தரைக்கு ஒரு சாண் மேலே மிதக்கும். தலையைத் தூக்கும்போது விமானம் எடைமையத்தைச் சுற்றாமல் மூக்கைச் சுற்றி ஆடும். இதுவும் கண்ணில் படும் தவறுதான். படாதது, ஏற்றவிசை செயல்படும் புள்ளி. எடைமையத்தைப் பொறுத்துக் கணக்கிட்ட நிலைப்புத்தன்மைக் கெழுவை எங்கிருந்தோ எடுத்து எழுதிவிட்டு, ஏற்றவிசைப் புள்ளியையும் எடைமையத்துக்குப் பின்னால் தள்ளி வைத்தால் நிலைப்பு இரண்டு முறை கணக்காகும். ஸ்டிக்கை எவ்வளவு இழுத்தாலும் தலை தூக்கச் சிரமப்படும். அந்தக் கெழு எடைமையத்துக்கானது என்றால் இரண்டு புள்ளிகளையும் ஒரே இடத்தில் வையுங்கள்.

இழுவையும் என்ஜினும்

பலர் ஏற்கெனவே நன்றாகப் பறக்கும் ஒரு விமானக் கோப்பை, உதாரணமாக இரண்டாம் உலகப்போர்க் கால ஸ்பிட்ஃபயரின் கோப்பை, நகலெடுத்து, எண்களை மாற்றிக்கொண்டே போவார்கள். அதில் மாற்ற மறப்பது ஏற்றவிசையால் எழும் இழுவையின் கெழு. இறக்கை நீளத்தின் வர்க்கத்தைப் பரப்பால் வகுத்தால் நேட்டுக்கு 3.57. ஸ்பிட்ஃபயருக்கு, நீளம் 11.23 மீட்டர், பரப்பு 22.48 சதுர மீட்டர் என்று எடுத்தால் 5.61. இரண்டுக்கும் இறக்கைத் திறன் 0.8 என்று வைத்தால் கெழு நேட்டுக்கு 0.11, ஸ்பிட்ஃபயருக்கு 0.07. ஸ்பிட்ஃபயர் எண்ணை அப்படியே விட்டால் நேட் திருப்பத்தில் இழக்க வேண்டிய வேகத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இழக்காமல் தப்பிக்கும். நேர்கோட்டில் அதிகபட்ச வேகத்தைச் சோதித்தால் இது தெரியவே தெரியாது. தொடர்ந்து 4 ஜி-யில், அதாவது புவியீர்ப்பைப் போல நான்கு மடங்கு விசையில், வட்டமடித்து வேகம் எவ்வளவு விழுகிறது என்று பார்க்க வேண்டும். ஆன்லைனில் இது மற்றவர்களை ஏமாற்றும் விஷயம் என்பதால் இதில்தான் அதிகம் கறாராக இருக்க வேண்டும்.

நேட்டின் ஆர்ஃபியஸுக்கு ஆஃப்டர்பர்னர் (வெளியேறும் வாயுவில் மீண்டும் எரிபொருளை எரித்து உந்துவிசை கூட்டும் அமைப்பு) கிடையாது. பின்னால் நெருப்பு வருவது பார்க்க நன்றாக இருக்கும் என்பதற்காகச் சேர்க்காதீர்கள்.

நேட்டுக்குத் தனி ஏர்பிரேக்கும் கிடையாது. சக்கரக் கால்களையும் கதவுகளையும் பாதி இறக்கித்தான் வேகத்தைக் குறைத்தார்கள். எடையை மிச்சம் பிடிக்க அதை வடிவமைத்த டெடி பெட்டர் செய்த சாமர்த்தியம் இது. வேறு விமானத்தின் ஏர்பிரேக் தகட்டை ஒட்டவைப்பது தவறு. சக்கரத்துக்கு மேல், கீழ் என்று இரண்டே நிலை வைப்பதும் தவறு. நடுவில் ஒரு நிலை வேண்டும். அந்த நிலையில் இழுவை கூட வேண்டும், ஆனால் தரையில் அந்தக் கால் விமானத்தைத் தாங்கக் கூடாது.

இன்னொன்று, புத்தகத்தில் இருக்கும் வேகமும் ஏறும் வீதமும் கடல்மட்டத்தில் 15 டிகிரிக்கான எண்கள். கோவை விமான நிலையம் கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரம். சித்திரை வெயிலில் 35 டிகிரி வைத்துப் பார்த்தால் காற்றின் அடர்த்தி சுமார் 11 சதவீதம் குறைவு. உந்துவிசை இறங்கும், தரையைவிட்டுக் கிளம்பும் உண்மை வேகம் 6 சதவீதம் கூடும். நம்மூரில் பறந்து பார்த்துவிட்டு "எண் வரவில்லையே" என்று உந்துவிசையை ஏற்றுகிறவர்கள் சரியாக இருந்ததைக் கெடுக்கிறார்கள். ஒப்பிட வேண்டுமென்றால் வானிலையைத் தரநிலைக்கு மாற்றி, கடற்கரை நிலையம் ஒன்றில் சோதியுங்கள்.

துப்பாக்கி

நேட்டில் இருப்பது ஏடன் என்னும் 30 மில்லிமீட்டர் துப்பாக்கி இரண்டு, ஒவ்வொன்றுக்கும் 115 குண்டு. நிமிடத்துக்கு 1,200 என்றால் நொடிக்கு 20. விசையை அழுத்திப் பிடித்தால் ஆறு நொடிகூடத் தாங்காது. சண்டை சுவையாக இருக்கட்டும் என்று 500 குண்டு கொடுத்தால் அது நேட் இல்லை. குண்டு வெளியேறும் வேகம் நொடிக்குச் சுமார் 790 மீட்டர். ஃபிளைட்கியர் கேட்பது அடியில், அதாவது 2,590. மீட்டரில் எழுதினால் குண்டு மூக்குக்கு முன்னாலேயே கீழே சரியும்.

ஒவ்வொரு குண்டும் சிமுலேட்டருக்கு ஒரு தனிப் பொருள். இரண்டு துப்பாக்கியும் நொடிக்கு 40 குண்டு தள்ள, ஒவ்வொன்றும் 10 நொடி உயிரோடு இருந்தால், தீரும்வரை சுட்டதும் மொத்தமுள்ள 230 குண்டும் ஒரே நேரத்தில் வானத்தில் சேரும். பழைய லேப்டாப் திணறும். ஆயுளை 3 நொடியாகக் குறைத்தால் 120. நேட் சுடும் தூரத்துக்கு அது தாராளம்.

மற்றவர் திரையில்

உங்கள் கணினியில் எல்லாம் ஒழுங்காக இருந்து, ஆன்லைனில் போனதும் கெடுவது பெரும்பாலும் ஒரே காரணத்தால். அசைவுகளை எழுதும்போது பண்பின் (சக்கர நிலை போன்ற ஒரு மதிப்பை சிமுலேட்டர் வைத்திருக்கும் இடத்தின்) பாதைக்கு முன்னால் ஒரு ஸ்லாஷ் போட்டுவிடுகிறார்கள். அப்படிப் போட்டால் அது எப்போதும் பார்ப்பவரின் சொந்த விமானத்தையே குறிக்கும். நீங்கள் சக்கரத்தை இறக்கினால் எதிரே வரும் நேட்டிலும் சக்கரம் இறங்கும். நீங்கள் வாலை ஆட்டினால் அதுவும் ஆட்டும். ஸ்லாஷை எடுத்துவிட்டால் சரியாகும். தனியாக மட்டும் பறந்து சோதித்தால் இது பிடிபடாது. இரண்டு கணினியில் இரண்டு பேர் பக்கத்தில் பறந்தால்தான் தெரியும்.

எல்லாப் பண்புகளும் வலையில் போவதில்லை. சக்கரம், இறக்கைத் தகடுகள் போன்ற வழக்கமானவை போகும். நீங்களாகப் பெயர் வைத்த பாதி இறங்கிய நிலை போகாது. அதற்கென ஒதுக்கியிருக்கும் பொது எண் இடங்களில் ஒன்றில் அதை ஏற்றி அனுப்ப வேண்டும்.

கோப்புப் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் விண்டோஸில் தெரியாது. லினக்ஸில் உருவமே வராது. எல்லாம் சின்ன எழுத்து என்று முதல் நாளே முடிவு செய்துகொள்வது நிம்மதி. எதிராளியிடம் அதே விமானம் அதே பெயரில் இல்லையென்றால் அவர் திரையில் வேறு ஏதோ ஓர் உருவம் பறக்கும். குழுவில் எல்லோரிடமும் ஒரே பதிப்பு இருக்கிறதா என்று பறப்பதற்கு முன்பே பாருங்கள்.

தாமதத்தையும் மறந்துவிடக் கூடாது. நிலையை நொடிக்கு 10 முறை அனுப்பினால், மணிக்கு 900 கிலோமீட்டரில் போகும் விமானம் இரண்டு தகவலுக்கு இடையில் 25 மீட்டர் நகர்ந்துவிடும், அதன் உடல் நீளத்தைப் போல மூன்று மடங்கு. இடைப்பட்ட இடத்தை சிமுலேட்டர் ஊகிக்கிறது. குண்டு படவில்லையே என்று சேத எல்லையைப் பெரிதாக்குவது இதற்கு மருந்தல்ல. அப்புறம் பக்கத்தில் போனாலே விமானம் வெடிக்கும்.

கால்கள்

தரையில் நிற்கும்போது குதிப்பதும் நடுங்குவதும் ஸ்பிரிங் எண் தவறியதால். எடையில் பத்தில் ஒன்பது பங்கைப் பின் இரண்டு கால்கள் தாங்குவதாக எடுத்தால், முழுச் சுமையில் ஒவ்வொன்றின் மீதும் சுமார் 4,070 பவுண்டு. கால் அரை அடி அமுங்கி நிற்க வேண்டும் என்றால் ஸ்பிரிங் அடிக்கு 8,100 பவுண்டு பக்கம். தணிப்பு எண்ணை 1,000-இல் தொடங்கி 2,000-க்குள் முடித்துக்கொள்ளலாம். நடுக்கம் நிற்கவில்லை என்று ஸ்பிரிங்கைப் பத்து மடங்கு ஏற்றினால் நடுக்கம் கூடத்தான் செய்யும்.

நேட்டின் சக்கரங்கள் இறக்கையில் இல்லை, உடலில் இருக்கின்றன, இடைவெளி குறுகலானது. உருவத்தில் சரியாக வரைந்துவிட்டுக் கணக்கில் அகலமாக எழுதினால் பக்கக்காற்றில் விமானம் சொகுசாக இறங்கும். இதைக் கண்டுபிடிக்க ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேல்காற்றை அமைத்துப் பாருங்கள். காற்று 270 டிகிரியிலிருந்து 20 நாட், கோவையின் 23ஆம் ஓடுபாதை. பக்கக்கூறு 13 நாட் வரும். சக்கரம் தொட்டதும் காற்று வரும் பக்க இறக்கை லேசாக எழும்பப் பார்த்து, ஸ்டிக்கை அந்தப் பக்கம் சாய்த்தால் அடங்க வேண்டும். அசையாமல் நின்றால் கணக்கில் இருக்கும் பக்கவாட்டு எண்ணைத் திறந்து உருவத்தோடு ஒப்பிடுங்கள்.