காணித் திட்டம் வருகிறதா? சுற்றாடல் அறிக்கைக்குக் கருத்து எழுதுவது இப்படித்தான்

ஆவணி மாதத்தில் வன்னிக்கு வந்து பார்க்கிறவருக்கு எங்கள் பக்கத்தில் ஆறே இல்லை. மணலும் சருகும் கிடக்கிற ஒரு பள்ளம் மட்டும் தெரியும். அதே பள்ளத்தை மார்கழியில் மாட்டோடு கடக்க முடியாது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் முதன்முதலாகப் புரட்டிய சுற்றாடல் அறிக்கையில் (ஒரு திட்டத்தால் சுற்றாடலுக்கு என்ன பாதிப்பு வரும் என்று சொல்லும் ஆவணம் அது), ‘திட்டக் காணிக்குள் நீரோட்டம் எதுவும் அவதானிக்கப்படவில்லை’ என்று ஒரு வரி இருந்தது. கள ஆய்வு நடந்த மாதம் ஓகஸ்ட். எழுதியவர் பொய் சொல்லவில்லை. அவர் வந்த நாளில் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். நீங்கள் எழுதப்போகிற கருத்தின் வேலை அந்த வரிக்குப் பக்கத்தில் மார்கழியை வைப்பது.

முதலில், வருகிற திட்டத்துக்கு அறிக்கை தேவையா என்று பாருங்கள். இலங்கையின் 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தில் இதற்கான பகுதி 1988இல் சேர்க்கப்பட்டது. எந்தெந்தத் திட்டங்கள் என்ற பட்டியல் 1993 ஜூன் 24ஆம் திகதி 772/22ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானியில் வந்தது. காணி சம்பந்தமாக நினைவில் வைக்கவேண்டியவை மூன்று: 50 ஹெக்டேயருக்கு மேல் காணி துப்புரவாக்குவது, 1 ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றுவது, 4 ஹெக்டேயருக்கு மேல் சதுப்பு நிலத்தை நிரப்புவது. நாங்கள் ஏக்கரில் பேசுகிற ஆட்கள், ஆகவே 2.47ஆல் பெருக்குங்கள். 50 ஹெக்டேயர் என்பது ஏறக்குறைய 123 ஏக்கர். பக்கத்துப் பக்கத்தில் 100 ஏக்கர், 90 ஏக்கர் என்று தனித்தனியாக விண்ணப்பம் போனால், இரண்டும் ஒரே ஆளுடையதா என்று கேட்பது நியாயமான கேள்வி.

சுண்டிக்குளம், மடு வீதி போன்ற தேசிய பூங்காக்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் என்றால் பரப்பளவு சிறிதாக இருந்தாலும் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதி வேண்டும்.

அறிக்கையில் இரண்டு வகை உண்டு. சிறியது ஆரம்ப சுற்றாடல் பரிசோதனை. அதைப் பொதுமக்களின் கருத்துக்கு விடவேண்டும் என்ற கட்டாயம் 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு போய்விட்டது. என் பார்வையில் அது பெரிய இழப்பு. பெரியது சுற்றாடல் தாக்க மதிப்பீடு. அதற்குத்தான் வர்த்தமானியிலும் மூன்று மொழிப் பத்திரிகைகளிலும் அறிவித்தல் போடவேண்டும். பொதுவாக 30 வேலை நாட்கள் தருவார்கள். நீங்கள் எண்ணிக்கொண்டிராமல் அறிவித்தலில் உள்ள கடைசித் திகதியைச் சுவரில் எழுதிவையுங்கள்.

அறிக்கையை எங்கே பார்க்கலாம் என்பதும் அறிவித்தலில் இருக்கும். பெரும்பாலும் பிரதேச செயலகம், பிரதேச சபை, மத்திய சுற்றாடல் அதிகாரசபை. காலையிலேயே போங்கள். ‘அது சேரிடம் இருக்கு, சேர் கூட்டத்தில’ என்ற பதில் கிடைத்தால் மதியமும் போங்கள். போனை நிறையச் சார்ஜ் பண்ணிக்கொண்டு போய், அனுமதி கேட்டுப் பக்கங்களைப் படம் எடுங்கள். அறிக்கை கையில் கிடைக்கவே இல்லையென்றால் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் கொடுக்கலாம். தருவதா இல்லையா என்று தீர்மானிக்க அவர்களுக்கு 14 வேலை நாட்கள் இருக்கிறது. அதற்குள் கருத்துச் சொல்லும் காலம் பாதி கரைந்துவிடும், ஆகவே முதல் நாளே கொடுங்கள்.

சரி, வாசிப்பது. முழுவதையும் வாசிக்கத் தேவையில்லை. வரைபடம், கள ஆய்வுத் திகதிகள், மாற்று வழிகள் பற்றிய பகுதி, பாதிப்பைக் குறைக்கும் நடவடிக்கைகள். இந்த நாலும் போதும். வரைபடத்தில் உங்கள் குளத்தின் நீரேந்து பகுதி எங்கே விழுகிறது என்று பென்சிலால் கீறிப் பாருங்கள். மேலே காடு வெட்டினால் முதல் மாரியிலேயே மண் அடித்துக்கொண்டு கீழே குளத்துக்கு வரும். குளம் தூர்ந்தால் சிறுபோகத்துக்குத் தண்ணீர் குறையும். அறிக்கை காணியின் வேலியோடு நின்றுவிடும், தண்ணீர் வேலியோடு நிற்காது.

அடுத்தது நடை. நாங்கள் போனபோது மாடு மேய்க்கிற ஒரு ஐயாவைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் பள்ளத்துக்குள் இறங்கி, ஒரு ஈச்சம் பற்றையைக் காட்டினார். இடுப்பளவு உயரத்தில் காய்ந்த வைக்கோலும் சருகும் கொப்புகளில் சுற்றிக் கிடந்தன. ‘தம்பி, போன மாரி தண்ணி இவ்வளவுக்கு நிண்டது’ என்றார். கொஞ்சம் தள்ளி மருத மரங்கள் ஒரே வரிசையாக நின்றன. அந்த வரிசைதான் ஆறு ஓடுகிற வழி. ஒரு முதிரை மரத்தில் என் தலைக்கு மேலே சேறு அப்பியிருந்தது, யானை முதுகு தேய்த்த இடம். அளவுகோலை வைத்து, இடக்குறிப்போடும் திகதியோடும் படம் எடுத்தோம். ஓகஸ்டிலேயே ஆறும் யானையும் எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கின்றன. பார்க்கத் தெரிந்த ஆள்தான் தேவை.

எழுதும்போது, ‘இத்திட்டம் இயற்கையை அழிக்கும், எனவே கைவிடுக’ என்று மட்டும் எழுதாதீர்கள். அதற்குப் பதில் சொல்லாமல் தட்டிக்கழிப்பது லேசு. இப்படி எழுதுங்கள்:

‘பக்கம் 47இல் நீரோட்டம் இல்லை எனப்பட்டுள்ளது. ஆய்வு நடந்தது ஓகஸ்டில். இணைப்புப் படம் 3இல் 1 மீற்றர் உயரத்தில் வெள்ளத் தடம் தெரிகிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை இவ்வழியாக எமது குளத்துக்கு நீர் வருகிறது. மாரியில் மறு ஆய்வு செய்யவும். ஓடையின் இருபுறமும் ஒதுக்குப் பகுதி விடவும்.’

பக்கம், ஆதாரம், பாதிப்பு, கோரிக்கை. ஒரு விடயத்துக்கு ஒரு பந்தி. தமிழிலேயே எழுதுங்கள், வடக்கில் தமிழ் நிருவாக மொழி. கமக்காரர் அமைப்பின் கடிதத்தாளில் ஒன்று, தனிப்பட்ட முறையில் சில என்று அனுப்பலாம். ஒரே கடிதத்தை நூறு பேர் போட்டோக் கொப்பி எடுத்து அனுப்புவதை நான் பெரிதாக நம்புவதில்லை. பகிரங்க விசாரணை, அதாவது மக்கள் நேரில் கருத்துச் சொல்லும் கூட்டம், வேண்டும் என்று கடைசியில் ஒரு வரி சேருங்கள். நடத்துவதா என்பதை அனுமதி வழங்கும் நிறுவனம்தான் முடிவெடுக்கும், ஆனால் கேட்டதற்குப் பதிவு இருக்கும்.

பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். உங்கள் கருத்து திட்டக்காரருக்குப் போகும், அவர் எழுத்தில் பதில் சொல்லவேண்டும்.

அனுமதி மறுக்கப்பட்டால் மேன்முறையீடு செய்யும் உரிமை சட்டத்தில் திட்டக்காரருக்கு உண்டு. அனுமதி கொடுக்கப்பட்டால் உங்களுக்கு அப்படி ஒரு கதவு இல்லை, நீதிமன்றம்தான். எப்பாவலவில் பொசுபேற்று அகழும் திட்டத்துக்கு எதிரான வழக்கில் 2000இல் உயர் நீதிமன்றம் ஊரவர் பக்கம் தீர்ப்பளித்தது. அப்படிப் போக நேர்ந்தால் அந்த முத்திரை குத்திய பிரதி சட்டத்தரணியின் மேசைக்கு முதலில் போகும்.

அனுமதிக் கடிதத்தில் நிபந்தனைகள் இருக்கும். அதன் பிரதியை வாங்கிக்கொண்டு, முதல் பெருமழைக்கு மறுநாள் அதே ஈச்சம் பற்றையடிக்குப் போய் ஒரு படம் எடுங்கள்.