டா நாங்ல உக்காந்துகிட்டு பெங்களூர் வேலை பாக்கறது எப்படி

போன வருஷம் பிப்ரவரில இருந்து மூணு மாசம் வியட்நாம் டா நாங்ல தங்கி இங்க பெங்களூர் டீமுக்கு வேலை பாத்தேன். திரும்பி வந்ததுல இருந்து அல்சூர்ல எங்க பில்டிங் லிஃப்ட்ல பாக்கறவங்க வரைக்கும் எப்படிங்க போனீங்கன்னு கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி வாய் வலிக்குது, அதான் மொத்தமா எழுதிடறேன். பீச்சு, ரூம், சாப்பாடு எல்லாம் அங்க போய் பாத்துக்கலாம், தலைவலி குடுக்கறது பூரா இங்கயே முடிச்சிட்டு கிளம்பவேண்டிய வேலைங்கதான்.

ஏன் டா நாங்னா, முக்கியமா டைம். நம்மள விட ஒண்ணரை மணி நேரம்தான் முன்னாடி. நம்ம 10 மணி ஸ்டாண்டப் மீட்டிங் அங்க பதினொண்ணரைக்கு வரும். கிழக்கு பாத்த கடல்ங்கறதால சூரியன் சீக்கிரமே வந்துடும், காலைல அஞ்சு மணிக்கே மி கே பீச்சுல ஊர் தாத்தா பாட்டி எல்லாம் குளிச்சிட்டு இருப்பாங்க, நீங்களும் ஒரு முக்கு போட்டுட்டு வந்து காபி குடிச்சி லாகின் பண்ணா அப்பவும் நேரம் மிச்சம். பெங்களூர் சில்க் போர்டு டிராஃபிக்ல நின்ன காலை நேரத்தை நினைச்சி பாருங்க. அமெரிக்காகாரங்களோட ராத்திரி மீட்டிங் இருக்கறவங்க மட்டும் யோசிங்க, இங்க ஒம்பதரைன்னா அங்க ராத்திரி 11.

முதல்ல கம்பெனி. மேனேஜர் சரின்னு தலையாட்டறது பத்தாது, மெயில்ல வாங்குங்க, ஐடி டீமையும் அதுல சேருங்க, ஏன்னா வெளிநாட்டு ஐபில (நெட் அட்ரஸ்) இருந்து லேப்டாப் லாகின் ஆனா சில இடத்துல அக்கவுண்ட்டை லாக் பண்ணிடுவாங்க. வியட்நாம்ல ரிமோட் வேலைக்குன்னு தனி விசா கிடையாது, போறது ஆன்லைன்ல வாங்கற சாதா இ-விசாலதான், அதை வெச்சி அந்த ஊர் கம்பெனில வேலைக்கு சேர முடியாது, அதனால இது சட்டத்துல கொஞ்சம் தெளிவில்லாத விஷயம்தான்னு தெரிஞ்சே போங்க. 183 நாள் தாண்டினா அந்த ஊர் வரிக்கணக்குல வந்துடுவீங்க, மூணு மாசத்தோட நிறுத்திக்கறது நல்லது.

இ-விசா 2023 ஆகஸ்ட்ல இருந்து 90 நாளைக்கு தர்றாங்க, ஒரு தடவை நுழையறதுக்கு 25 டாலர், பல தடவைன்னா 50. அரசாங்க சைட்டுலயே போடுங்க, அட்ரஸ் ஜிஓவி டாட் விஎன்னு முடியணும், மத்ததெல்லாம் ஏஜென்ட் சைட்டு, டபுளா கறப்பாங்க. இதுல நம்ம ஆளுங்களுக்குன்னே ஒரு சிக்கல் இருக்கு, பேரு. இனிஷியல், அப்பா பேரு, சர்நேம் காலி, இப்படி நம்ம பாஸ்போர்ட் ஒவ்வொண்ணும் ஒரு தினுசு. போட்டோ பக்கத்துக்கு அடில அம்புக்குறி மாதிரி கோடு கோடா ரெண்டு வரி இருக்கும் பாருங்க, அதுல முதல் வரில பேரு எந்த வரிசைல இருக்கோ அதே மாதிரி ஒரு எழுத்து பிசகாம போடுங்க. என் கூட வந்த பையன் அவசரத்துல ஒரு எழுத்தை விட்டுட்டான், கட்டின காசு திரும்ப வராது, புதுசா கட்டி ஒரு வாரம் நகத்தை கடிச்சிட்டு இருந்தான்.

அடுத்தது பேங்க். நான் மாட்டினது இங்கதான். புது கார்டுங்கள்ல வெளிநாட்டு யூசேஜ் ஆஃப்லதான் வரும், அது 2020ல ரிசர்வ் பேங்க் போட்ட ரூல், ஆப்ல போய் ஆன் பண்ணணும்னு எனக்கு தெரியும், ஆனா ஆன் பண்றதுக்கு ஓடிபி வரும், ஓடிபி வர்ற சிம்மு வீட்டு மேசை டிராயர்ல இருந்துச்சி! அம்மாவுக்கு போன் போட்டு, பழைய போன்ல அதை போட சொல்லி, அவங்க கண்ணாடி தேடி எடுத்து நம்பரை படிக்கறதுக்குள்ள டைம் முடிஞ்சி, மூணாவது தடவைலதான் ஆச்சி. அதனால சிம்மை எடுத்துட்டு போங்க, ரோமிங்கை இங்கயே ஆன் பண்ணுங்க, ரெண்டாவது ஸ்லாட்டுல லோக்கல் சிம் போட்டுக்கோங்க. காசுல இன்னொண்ணு, அந்த ஊர் காசு டாங், அதுல 20,000 டாங் நோட்டும் 5 லட்சம் டாங் நோட்டும் ரெண்டும் நீல சாயல், ராத்திரில ஒரே மாதிரி இருக்கும். பர்ஸ்ல தனித்தனியா வைங்க.

ரூம் ஆன்லைன்ல பாத்து மொத்தமா கட்டாதீங்க. ஒரு வாரம் ஹோட்டல்ல இருந்துட்டு ஆன் துவாங் பக்கம் நடந்தே பாருங்க, வெளியூர்க்காரங்க ஜாஸ்தி இருக்கற ஏரியா, ரூம் வாடகைக்குன்னு போர்டு தொங்கும். என் ஸ்டூடியோ ரூம் மாசம் 80 லட்சம் டாங், அம்மாகிட்ட 80 லட்சம்னு சொல்லி ஒரு நிமிஷம் பேச்சில்லாம பண்ணேன், நம்ம காசுல சுமாரா 26,000 ரூபா. அட்வான்ஸ் ஒரே மாசம்! பத்து மாச அட்வான்ஸ் குடுத்து பழகின நமக்கு கண்ணுல தண்ணி வரும். ஆனா கரண்ட்டு தனி, யூனிட்டுக்கு 4,000 டாங் போட்டாங்க, ஏசிய பகல் பூரா ஓட்டினா பில்லு எகிறும், பெங்களூர் குளிருக்கு பழகின உடம்பு ஏசி இல்லாம இருக்காது. முதல் நாளே மீட்டரை போட்டோ எடுத்து வைங்க. நீங்க தங்கறதை ஓனர் போலீஸ்ல பதியணும், அது சட்டம், பதிஞ்சாச்சான்னு கேட்டுக்கோங்க.

நெட்டு சாதாரணமா நல்ல ஸ்பீடு, ஆனா கடலுக்கடில போற கேபிள் அடிக்கடி அறுந்துடும், 2023 ஆரம்பத்துல இருந்த அஞ்சு கேபிள்லயும் ஒரே நேரத்துல கோளாறு வந்துச்சி. அந்த மாதிரி நாள்ல லோக்கல் சைட்டு பறக்கும், ஆபீஸ் நெட்வொர்க்கோட சேர்க்கற விபிஎன் இழுக்கும், டெமோ இருந்தா ரெக்கார்டு பண்ணி முன்னாடியே அனுப்பிடுங்க.

வண்டி வாடகைக்கு எடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு: நம்ம ஆர்டிஓ தர்ற இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட் 1949 உலக சாலை போக்குவரத்து ஒப்பந்தத்து படி, அங்க செல்லுபடி ஆகறது 1968 ஒப்பந்தத்தோடது. கடைக்காரர் லைசென்ஸே கேக்காம சாவிய குடுத்துடுவார், அடிபட்டா இன்சூரன்ஸ் கை விரிச்சிடும். நான் ஆப்ல கூப்பிடற கிராப் பைக் டாக்சிலயே சமாளிச்சிட்டேன்.

சைவம்னா 'சாய்'னு போர்டு போட்ட கடை தேடுங்க, டீ இல்ல, அவங்க பாஷைல சைவம்னு அர்த்தம். சாதா கடைல காய் மட்டும் கேட்டாலும் மீன் சாஸ் ஊத்திடுவாங்க. அவங்க சந்திர மாசத்துல 1ம் தேதியும் 15ம் தேதியும், அதாவது நம்ம அமாவாசை பௌர்ணமி கணக்குதான், நிறைய பேர் சைவம், அன்னைக்கு சாய் கடைல உக்கார இடம் இருக்காது.

போறதுக்கு பிப்ரவரில இருந்து மே வரைக்கும் பெஸ்ட். ஜூன் ஜூலை புழுங்கி தள்ளும். மெட்ராஸ்க்கு வர்ற அதே வடகிழக்கு பருவமழைதான் அங்கயும், ஐப்பசி கார்த்திகைல அடைமழை, புயல் வேற. அக்டோபர்ல டிக்கெட் சல்லிசா தெரியும், அதுக்கு காரணம் இதுதான், போடாதீங்க.