கரட்டுக்கு நல்லது செய்யப் போய் நாம் செய்யும் தவறுகள்

ஆடி பிறந்தால் எங்கள் தருமபுரிப் பக்கத்தில் ஒரு கூட்டம் கரடுகளுக்கு, அதாவது சிறு பாறைக்குன்றுகளுக்கு, கிளம்பும். கையில் கடப்பாரை, டெம்போவில் கன்றுகள், பனியனில் ஒரு வாசகம். "இந்தக் கரடு மொட்டையாகக் கிடக்கிறது, பசுமையாக்கப் போகிறோம்" என்பார்கள். அந்தக் கூட்டத்தில் சில வருடம் நானும் இருந்தேன். அந்த உரிமையில்தான் சொல்கிறேன்.

தவறு 'மொட்டை' என்ற சொல்லிலேயே தொடங்கிவிடுகிறது. தருமபுரிக்கு ஆண்டுக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழைதான். அதற்கேற்ற காடுதான் இங்கே இருக்கிறது. உசில் மரமும் ஆச்சா மரமும் கோடையில் இலையை உதிர்த்துவிட்டு நிற்கும். மாசி, பங்குனியில் பெண்ணாகரம் சாலையில் போகிறவருக்குக் காடே பட்டுப்போன மாதிரி தெரியும். ஒரு கோடை மழை விழட்டும், அப்புறம் வந்து பாருங்கள். முட்புதர்களுக்கு நடுவே கிடக்கும் புல்தரையும் அப்படித்தான். கௌதாரியும் காடையும் முட்டையிடுவது அந்தப் புல்லடியில். ஆள்காட்டிக் குருவிக்கு வெறும் சரளைத் தரையே போதும். அங்கே போய் வரிசையாகக் குழி வெட்டினால், புல்வேர் பிடித்து வைத்திருந்த மேல்மண் அடுத்த மழையில் ஓடைக்குப் போய்விடும். நாங்கள் ஒரு வருடம் நட்டதில் சித்திரைவரை தாக்குப்பிடித்த கன்றுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். குழிகள் மட்டும் இன்னும் இருக்கின்றன.

மரம் வைத்தே ஆக வேண்டுமா? ஏரிக்கரை, ஓடையோரம், பள்ளிக்கூடத்து வளாகம் என்று தண்ணீர் ஊற்ற ஆள் இருக்கும் இடமாகப் பாருங்கள். புங்கன், வேம்பு, புளி, ஓடையோரத்துக்கு நீர்மருது. சூபாபுல் என்ற வெளிநாட்டு மரம் சீக்கிரம் வளர்கிறது என்று விதைப்பந்தில் வைத்து மலைமேல் வீசுகிறார்கள். அது முளைக்காமல் போனால் நமக்கு நல்ல காலம். முளைத்தால் விதை கொட்டிக் கொட்டி மற்றச் செடிகளை நெருக்கிவிடும்.

இப்படி வெளியிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டதுதான் லாண்டானா எனும் உண்ணிச்செடியும். பூ அழகு என்று வெள்ளைக்காரன் தோட்டத்துக்குக் கொண்டுவந்த செடி, இன்று தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் யானை தின்ன வேண்டிய புல்லின் மேல் படர்ந்து கிடக்கிறது. இதை அரிவாளால் வெட்டிவிட்டு வேலை முடிந்தது என்று கைகழுவுவதுதான் பெரிய தவறு. வெட்டிய இடத்திலிருந்து ஒன்றுக்கு நாலாகத் துளிர்க்கும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழத்தில் வேரை வெட்டி, செடியைத் தலைகீழாகப் போட வேண்டும். வேர் மண்ணைத் தொடக் கூடாது. இதையும் காய் பழுப்பதற்கு முன்பே செய்ய வேண்டும், பழுத்துவிட்டால் விதைக்கும் வேலையைக் குருவிகள் பார்த்துக்கொள்ளும். காலியான இடத்தில் நம்மூர்ப் புல்விதையைத் தூவி, மூன்று நான்கு வருடம் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்காவிட்டால் பட்ட பாடெல்லாம் வீண். ஒருநாள் முகாம் போட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு இது சரிப்படாது. காப்புக்காட்டுக்குள் என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் எதையும் தொடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தீ வைத்தால் புது புல் வரும் என்று நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். புல் வரும், பொய் இல்லை. கூடவே உசில் நாற்றுகள் கருகிவிடும். உண்ணியோ அடித்தூரிலிருந்து மறுபடி கிளம்பிவிடும். தீ அதற்குத்தான் இடம் ஒதுக்கிக் கொடுக்கிறது.

காட்டில் மாடு மேய்ப்பதை மட்டும் நான் மற்றவர்கள் மாதிரி திட்ட மாட்டேன். ஆலம்பாடி மாடு இந்தக் காட்டில் பட்டி போட்டு வளர்ந்த மாடு. ஆனாலும் 2022இல் உயர் நீதிமன்றம் சரணாலயங்களில் மேய்ச்சலுக்குத் தடை போட்டது. 2014இல் அறிவித்த காவேரி வடக்கு, 2022இல் அறிவித்த காவேரி தெற்கு என்று நம் காட்டில் ஒரு பெரிய பகுதி இன்று சரணாலயம். வெளியே மேய்க்கிறவர்கள் கோமாரித் தடுப்பூசியைத் தவற விட வேண்டாம். அந்த நோய் மாட்டோடு நிற்காது, மானுக்கும் காட்டெருமைக்கும் தொற்றும்.

ஒகேனக்கல் சாலையில் குரங்குக்கு பிஸ்கட் வீசுவதைப் பற்றி எல்லோரும் சொல்லியாயிற்று. காரை நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

கடைசியாக யானை. கர்நாடகத்தின் பன்னேர்கட்டா காட்டுப் பக்கமிருந்து மந்தைகள் ஜவளகிரி, தளி வழியாக இறங்கி வரும் நேரமும் ராகி கதிர் முற்றும் நேரமும் ஒன்றாக வந்துவிடுகின்றன. இரவெல்லாம் கண் விழித்துக் காவல் இருக்கிறவன் கோபம் புரியாமல் இல்லை. அதற்காக வீட்டுக் கரண்டைக் கம்பியில் இழுத்து விடுவது கொலை. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே அப்படி ஒரு வேலியில் மூன்று பெண் யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் மட்டும் தப்பின. சூரிய மின்வேலி வேறு விதம். அதில் கரண்ட் விட்டு விட்டுத் துடிப்பாக வரும், அடி வாங்கிய யானை பின்வாங்கிவிடும். ஆனால் புல் வளர்ந்து கம்பியைத் தொட்டால் கரண்ட் மண்ணில் இறங்கி வேலி வெறும் கம்பியாகிவிடும். ஆகவே வாரம் ஒருமுறை வேலியடியைச் செதுக்குங்கள். யானை வந்துவிட்டால் செல்போனோடு ஊரே திரண்டு விரட்டாதீர்கள். கூச்சலில் மந்தை சிதறினால் குட்டி ஒரு பக்கம், தாய் ஒரு பக்கம் ஆகிவிடும், நடுவில் அகப்படுகிறவர் பாடு திண்டாட்டம்தான். காலையில் சேதத்தைப் போட்டோ எடுத்து, சிட்டா, அடங்கலோடு ரேஞ்சர் ஆபீசில் இழப்பீட்டுக்கு எழுதிக் கொடுங்கள். அவர்கள் வந்து பார்க்கும்வரை அந்தக் கதிரை அறுக்க வேண்டாம்.