காங்கிரீட்டுக்குள் ஈரம்: தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்

பெயிண்ட் உப்பி எழுந்தால் சுரண்டிவிட்டு மறுபடி அடிக்கிறோம். டைல் பெயர்ந்தால் பசையைக் குறை சொல்கிறோம். ஈரம் எந்த வழியாக வருகிறது என்று தெரியாதவரை இரண்டும் வீண்செலவுதான்.

1. கறை எங்கே இருக்கிறது?
சுவரின் அடியிலிருந்து மேலே ஏறினால் தரையிலிருந்து வரும் ஓதம். கூரையிலோ குழாய் பக்கமோ திட்டாக இருந்தால் கசிவு. வெள்ளைப் பொடி பூத்திருந்தால், காங்கிரீட்டுக்குள் ஓடிய தண்ணீர் வெளியே வந்து ஆவியாகி உப்பை விட்டுப் போயிருக்கிறது. மூலையிலும் அலமாரிக்குப் பின்னாலும் கருப்புப் பூசணம் என்றால், பெரும்பாலும் காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த சுவரில் படிகிறது.

2. சுவருக்கு அலுமினியத் தாள்
சந்தேகமான இடத்தைத் துடைத்துக் காயவிட்டு, தாளை நான்கு ஓரமும் டேப்பால் ஒட்டுங்கள். ஓரிரு நாள் கழித்து நீர்த்துளி அறைப்பக்கம் இருந்தால் காற்றின் ஈரம், காற்றோட்டம் தேவை. சுவர்ப்பக்கம் இருந்தால் ஈரம் உள்ளிருந்து வருகிறது.

3. தரைக்கு பாலித்தீன் ஷீட்
45 செ.மீ. சதுர ஷீட்டைத் தரையில் காற்றுப் புகாமல் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர் கோத்தாலோ தரை கருத்தாலோ ஈரம் உண்டு. ஒன்றும் தெரியாவிட்டால்? தரை காய்ந்துவிட்டது என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். மேல்தோல் காய்ந்து அடிப்பகுதி ஈரமாக இருப்பது காங்கிரீட்டின் வழக்கம்.

4. துளையிட்டு அளப்பது
தரைக்கு மேல் வினைல், மரம், எபாக்ஸி போடுவதாக இருந்தால் நான் நம்புவது இதை மட்டுமே. ஏஎஸ்டிஎம் என்ற தர நிர்ணய அமைப்பின் எஃப் 2170 முறைப்படி, ஒரு பக்கம் மட்டும் காயும் தளத்தில் கனத்தின் 40 சதவீத ஆழத்துக்குத் துளை. இரு பக்கமும் காய்ந்தால் 20 சதவீதம். 100 மி.மீ. தளம் என்றால் 40 அல்லது 20 மி.மீ. ஏன் இந்தக் கணக்கு? மேலே மூடியதும் அடியில் தங்கிய ஈரம் தளம் முழுக்கப் பரவிச் சமநிலைக்கு வரும். அப்போது பசை சந்திக்கப்போகும் ஈரப்பதத்தை இன்றைக்கே காட்டுவது ஏறக்குறைய இந்த ஆழம்தான்.

முதலில் உள்ளே மின்குழாயோ இழுவிசைக் கம்பியோ (தளத்துக்கு வலுவூட்ட இறுக்கி இழுத்துக் கட்டியது) இல்லை என்று உறுதிசெய்யுங்கள். தண்ணீர் விடாமல் துளையிட்டு, தூசியை பிரஷ்ஷாலும் வேக்குவத்தாலும் முழுதாக எடுங்கள். ஸ்லீவை (துளைக்குள் பொருந்தும் சிறு குழலை) செருகி, அதன் வாயை மூடி 24 மணி நேரம் விடுங்கள் (2018 திருத்தத்துக்கு முன் 72 மணி). பிறகு துளைக்குள் வைத்த சென்சார் காட்டும் சார்பு ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் சேர்த்தே குறியுங்கள். 100 சதுர மீட்டர் வரை மூன்று துளை, அதற்கு மேல் ஒவ்வொரு 100 சதுர மீட்டருக்கும் ஒன்று கூடுதல். சோதனைக்கு 48 மணி நேரம் முன்பிருந்தே அறை வழக்கமான பயன்பாட்டுச் சூழலில் இருக்க வேண்டும்.

5. எண் வந்தபிறகு
எல்லை பொருளுக்குப் பொருள் மாறும். பல பசைகளுக்கு 75 முதல் 85 சதவீதம். டப்பாவில் எழுதியிருப்பதே கணக்கு. புதுக் காங்கிரீட் மாதத்துக்கு 25 மி.மீ. காயும் என்பது கைக்கணக்கு மட்டுமே. எண் கூடுதலாக இருந்தால், ஜன்னலைத் திறந்தோ ஈரம் உறிஞ்சும் இயந்திரம் வைத்தோ காயவிட்டு, அதே துளைகளில் மறுபடி அளந்து பாருங்கள்.